பேரு சொல்லல, பாத்தீங்களா

ஜன்னலை முழுசா அடைச்சிராதீங்க தங்கச்சி, பாதி இருக்கட்டும். எனக்கு டீசல் வாடை ஒத்துக்காது. இந்தப் பையை மட்டும் உங்க காலடியில வச்சுக்கிடட்டா? ஒண்ணுமில்ல, கொஞ்சம் அதிரசம். நாகர்கோவில்ல ஒரு மேடத்துக்குக் கொண்டு போறேன். வாங்க மாட்டாக. போன தடவ முறுக்கு கொண்டு போனேன், அதையும் வாங்கல. "நீங்க வந்தாப் போதும்மா"ன்னுட்டாக. அதுக்காக வெறுங்கையோட ஒரு வீட்டுக்கு எப்படிப் போறது? வீடுன்னா வீடு இல்ல. மருந்துக்கடைக்கு மேல ஒரு ரூம்.

என்ன ரூமா? அதைச் சொல்லணும்னா எங்க மக கதையில இருந்து வரணும். நீங்களும் வடசேரி பஸ் ஸ்டாண்டு வரைக்கும்தானே? அப்ப நேரம் கிடக்கு.

நமக்குப் பாளையங்கோட்டை. என் பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுல அவுக பஸ் டிப்போவுல மெக்கானிக்கா இருந்து ரிட்டயர் ஆனவுக. மூத்தவன் ரூபஸ், மஸ்கட்ல இருக்கான். நல்லா இருக்கான், ஸ்தோத்திரம், அவனுக்கு ஒரு குறையும் இல்ல. வேலை ஜாஸ்தி, அவ்வளவுதான். சின்னவ கெசியா. கதை அவளைப் பத்தினதுதான்.

கெசியா சென்னையில படிச்சா. மனசுக்கு வைத்தியம் பாக்கிற படிப்பு. ஊசி கிடையாது, மாத்திரை கிடையாது, பேச்சுதான். "பேச்சுன்னா, நீ பேசுவியாட்டி?"ன்னு கேட்டேன். "இல்லம்மா, அவங்க பேசுவாங்க, நான் கேப்பேன்"னா. காது கேக்கிறதுக்கு இத்தனை வருஷப் படிப்பான்னு நான் மனசுக்குள்ள நெனச்சேன். எங்க வீட்டுல அவுக என்னைத் திரும்பிப் பாத்து, "அந்தப் படிப்ப உங்கம்மாவுக்கும் ஒரு வருஷம் சொல்லிக்குடுக்க முடியுமா பாரு"ன்னாக. அவுக அப்படித்தான். டிப்போவுல எஞ்சின் சத்தத்துலயே இருந்துட்டாக, மனுசப் பேச்சு ஆகாது.

அங்கயே ஒரு கம்பெனியில வேலை பாத்தா. பெறகு திடீர்னு ஒரு நாள் வந்து, "அம்மா, நம்ம ஊர்லயே தனியா ஆரம்பிக்கப் போறேன்"னா. நான் முழங்கால்ல நின்னு ஸ்தோத்திரம் பண்ணேன். ஆனா ஒண்ணு சொன்னா. "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள ஆளு வர ஆரம்பிக்கலன்னா பழைய கம்பெனிக்கே போயிருவேன். அவங்க கூப்பிட்டுக்கிட்டே இருக்காங்க."

தங்கச்சி, எங்க வீட்டுல நாலு ரூம் இருக்கு. மூணுல லைட்டே போடாமக் கெடந்துச்சு. கெசியா வந்த பெறகுதான் பாத்ரூம்ல பாட்டுச் சத்தம், ஃப்ரிட்ஜைத் தெறந்து தெறந்து மூடுற சத்தம், "யாரும்மா என் சார்ஜரை எடுத்தா"ன்னு ஒரு சத்தம். அது மறுபடியும் போயிருமா? ஆளு வரலன்னாத்தானே? ஆளைக் கொண்டாந்து நிறுத்திருவோம்னு நான் முடிவு பண்ணிட்டேன்.

முன்னாடி ரூமைக் காலி பண்ணி ரெண்டு நாற்காலி போட்டா. மூங்கில் திரைச்சீலை. ஒரு பெட்டியில மூக்குத் துடைக்க பேப்பர். வாசல்ல போர்டு: "கெசியா, மனநல ஆலோசகர்." நான் அப்பவே சொன்னேன், மனநலம்னு போடாதட்டி, பாக்கிறவுக பயப்படுவாக, "குடும்ப ஆலோசனை, ஜெப உதவியும் உண்டு"ன்னு போடுன்னு. கேக்கல. எதிர் வீட்டு மரியதங்கம் அன்னைக்கே வந்து, "என்னக்கா, பாப்பா பைத்தியத்துக்குப் பாக்கப் போறாளாமே, கேட்டைப் பூட்டி வச்சுக்கோங்க"ன்னுட்டுப் போனா.

ரெண்டு வாரம் ஒரு ஈ, காக்கா வரல. கெசியா தினமும் சேலை கட்டி, கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு அந்த நாற்காலியில உக்காந்திருப்பா. எதிர் நாற்காலி காலியா கிடக்கும். பாக்கச் சகிக்கல. நானாவது போயி உக்காந்து பேசட்டான்னேன். "அம்மா, சொந்தக்காரங்களை நாங்க பாக்கக் கூடாது, அது எங்க தொழில்ல கெடையாது"ன்னா. சரி, சொந்தம் இல்லாதவுகளா நானே தேடுவோம்னு கெளம்பிட்டேன்.

ஆளு தேடுறது ஒண்ணும் பெரிய வித்தை இல்ல. கோயில்ல பிரசங்கத்துல யாரு கண்ணைத் துடைக்காகன்னு பாப்பேன். ஆராதனை முடிஞ்சு வாசல்ல பிடிச்சுருவேன். "என்ன சிஸ்டர், மனசு சரியில்லையா? எங்க மக இருக்கா." மார்க்கெட்ல கத்திரிக்காயை வெறிச்சுப் பாத்துக்கிட்டு எடுக்காம நிக்கிறவுகளா? அவுககிட்டயும் சொல்லுவேன். ஒரு கல்யாணத்துல பொண்ணோட அம்மா கையைப் பிடிச்சு, "எல்லாம் நல்லா நடந்துது, ஸ்தோத்திரம். பெறகு ரெண்டு பேருக்கும் சண்டை வந்துச்சுன்னா எங்க கெசியாகிட்ட அனுப்பிவிடுங்க"ன்னு சொன்னேன். அந்தம்மா ஏன் கையை உருவிக்கிட்டாகன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியல. நல்லதுக்குத்தானே சொன்னேன்?

மக கேள்விப்பட்டு, "அம்மா, வர்றவங்களுக்கே தோணி வரணும், நீ இழுத்துக்கிட்டு வரக் கூடாது"ன்னா. "யாருக்குத்தான்ட்டி துக்கம் இல்ல, கேட்டா வந்துரும்"னேன்.

வந்துச்சே! ஒண்ணு, ரெண்டுன்னு வர ஆரம்பிச்சாக. யார் யாருன்னு நான் சொல்லக் கூடாது. மக கண்டிப்பா சொல்லிருக்கா, பேரு மட்டும் வெளிய போகக் கூடாதுன்னு. அதனால சொல்ல மாட்டேன். ஒரு டீச்சரம்மா வந்தாக. பேரு வேண்டாம். நீல ஸ்கூட்டி, மாமியாரோட பேச்சு கிடையாது, அவ்வளவுதான் சொல்ல முடியும். பெறகு பஸ் ஸ்டாண்டு பக்கம் பெரிய பேக்கரி இருக்குல்லா, வாசல்ல கண்ணாடிப் பெட்டியில மூணு அடுக்குக் கேக் வச்சிருப்பாகளே, அந்த வீட்டு மருமகன் வந்தாரு. பேரு சொல்லல, பாத்தீங்களா. தங்கமான பையன். மாமனார் பக்கத்துல கல்லாவுல உக்காந்தாலே கை நடுங்குமாம்.

என்ன தங்கச்சி, முகம் மாறுது? அங்கதான் கேக் வாங்குவீங்களா? அய்யய்யோ, அப்ப அது இல்ல, நான் சொல்றது வேற பேக்கரி.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு கேக்கீங்க. மக ஒரு வார்த்தை சொல்ல மாட்டா. கல்லு. ஆனா வர்றவுக ஹால்லதானே காத்திருக்கணும்? சும்மா உக்காரவா வைக்கிறது? காப்பி குடுப்பேன். சீடை குடுப்பேன். "என்ன தம்பி, வீட்டுல எல்லாரும் சுகமா?"ன்னு ஒரு வார்த்தை கேப்பேன். மனுசத்தன்மைக்குக் கேக்கிறதுதானே? அவுக உள்ள போறப்ப பாதி அழுகை முடிஞ்சிருக்கும். மக கோவிச்சுக்குவா. "அம்மா, அங்க சொல்லிட்டு வந்ததை இங்க மறுபடி சொல்ல அவங்களுக்கு மனசு வரல, பேசாம உக்காந்திருக்காங்க"ம்பா. சீடை சாப்பிட்டுட்டு உடனே பேச முடியுமா? அதைச் சொன்னா கேக்க மாட்டா.

இப்ப நான் சொல்லப் போறதுதான் முக்கியம்.

எங்க சபையில வெள்ளிக்கிழமை மத்தியானம் பெண்கள் ஜெபக்கூட்டம் உண்டு. பாஸ்டரம்மா நடத்துவாக. முதல்ல ஒரு பாட்டு, பெறகு ஜெபக்குறிப்பு. அவுகவுக மனசுல உள்ள பாரத்தைச் சொல்லணும், யாருக்காக, என்னத்துக்காகன்னு. பெறகு எல்லாரும் சேர்ந்து அதுக்காக ஜெபிப்போம். பேரு சொல்லித்தான் ஜெபிப்போம். பேரு சொல்லாம ஜெபிச்சா அட்ரஸ் இல்லாம தபால் போட்ட மாதிரின்னு எங்க அம்மா அந்தக் காலத்துலயே சொல்லுவாக. நான் எப்பவும் அடுத்தவுகளுக்குத்தான் குறிப்பு குடுப்பேன். "தங்கபுஷ்பம், உங்க வீட்டுக்கு ஏதாவது உண்டா?"ன்னு பாஸ்டரம்மா கேப்பாக. "ஸ்தோத்திரம், எல்லாரும் நல்லா இருக்கோம்"னு சொல்லிருவேன். நமக்கென்ன குறை.

மகளுக்கு ஆளு வர ஆரம்பிச்ச சந்தோஷம் எனக்கு. அவுக சீக்கிரமா குணமானா இன்னும் நாலு பேரு வருவாகல்லா? அதனால வெள்ளிக்கிழமை எந்திரிச்சு, கண்ணை மூடி, ஜெபிக்க ஆரம்பிச்சேன். நான் நல்லா ஜெபிப்பேன் தங்கச்சி, பெருமைக்குச் சொல்லல. "ஆண்டவரே, என் மககிட்ட வர்ற உம்முடைய பிள்ளைகளை நினைத்தருளும். மாமியார் கூடப் பேசாத உம்முடைய மகள் டீச்சரை நினைத்தருளும்." பேரோடதான் சொன்னேன். எல்லாரும் "ஆமென்". "மாமனாரைக் கண்டா நடுங்குற உம்முடைய அடியானை" — அதையும் பேரோடதான் — "நினைத்தருளும், அந்தக் கல்லாவுல இருந்து அவரை விடுவியும் சுவாமி." எல்லாரும் "ஆமென்". ஒரு ஆமென் மட்டும் சத்தமா, என் வலது பக்கத்துல இருந்து வந்துச்சு. கண்ணைத் தெறந்து பாத்தேன். பேக்கரிக்காரம்மா. அந்தப் பையனோட மாமியார். ஆமென்னு சொன்ன வாய் அப்படியே தெறந்து நிக்குது.

அவுகளுக்குத் தெரியாதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஒரே வீட்டுல இருக்காக.

அதுக்குப் பெறகு ஆளு குறைஞ்சுது. டீச்சரம்மா வரல. பையன் வரல. வர்றேன்னு ஃபோன் பண்ணினவுகளும் வரல. எனக்குப் புரிஞ்சு போச்சு, இது சாத்தானோட வேலை. எம்மகளோட ஊழியத்தைக் கெடுக்கப் பாக்கான். விடுவனா? அடுத்த வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்து, இன்னும் சத்தமா, இன்னும் விவரமா, விட்டுப்போன பேரையும் சேர்த்து ஜெபிச்சேன். அன்னைக்குக் கூட்டத்துல இருந்தவுக கண்ணை மூடவே இல்ல, என்னையே பாத்துக்கிட்டு இருந்தாக. ஜெபத்துல அவ்வளவு கவனம்.

மறுநாளே பேக்கரிக்காரம்மா எங்க வீட்டு வாசல்ல. கையில ஒரு பிளம் கேக் டப்பா, முகத்துல இடி. உள்ள வந்து கெசியாகிட்ட, "ஏம்மா, எங்க மருமகன் எங்களைக் கண்டு நடுங்குதாராமே? நாங்க என்ன, கடிச்சா தின்னுருவோம்?"

கெசியா நிதானமா, "யாரு வந்தாங்க, வரலங்கறதை நான் சொல்ல முடியாதுங்க ஆண்ட்டி"ன்னா.

"நீ ஏன் சொல்லணும்? உங்கம்மாதான் சபைக்கே சொல்லியாச்சே!"

நான் அடுக்களையில இருந்து காப்பியோட வந்தேன். "ஆமாட்டி, அவுகளுக்குத் தெரியும். ஜெபத்துல சொன்னேன்லா"ன்னேன்.

எம்மக என்னைப் பாத்தா பாருங்க. பேக்கரிக்காரம்மா அந்தப் பக்கம் போனதும் மூங்கில் திரைச்சீலையை அவுத்தா. போர்டைக் கழட்டினா. அலமாரி மேல இருந்து சூட்கேஸை இறக்கினா. "ஏட்டி, ஜெபிச்சது தப்பா?"ன்னு கேட்டேன்.

அப்பத்தான் சூட்கேஸ் மேல உக்காந்தா. "அம்மா, அந்த ஆளு ஆறு வாரம் யோசிச்சு, தைரியம் வந்து, ஒரே ஒரு ஆளுகிட்ட சொன்ன விஷயம் அது. இனிமே நீ ஜெபத்துல என் பேரை மட்டும் சொல்லு. போதும்."

"உனக்கென்னட்டி குறை, ஜெபிக்கிறதுக்கு?"

"எனக்கு ஒரு அம்மா இருக்கா."

எங்க வீட்டுல அவுக பேப்பரை மடக்கி வச்சுட்டு, "தங்கம், நீ வாயை மூடினா அவ கடை தெறந்துரும்"னாக. அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி நான் சாப்பிடல. முழங்கால்ல நின்னு என்ன கேக்கன்னு தெரியாம, "சூட்கேஸ், ஆண்டவரே, சூட்கேஸ்"னே சொல்லிக்கிட்டு இருந்தேன்.

அவளோட படிச்ச சிநேகிதியோட அண்ணன், பல் டாக்டரு, முருகன்குறிச்சி பக்கம் மாடியில ஆஸ்பத்திரி வச்சிருக்காரு. அவருக்குப் பக்கத்து ரூம் காலியா இருந்துச்சு. கிறிஸ்துமஸ் வரைக்கும் அங்க பாக்கிறேன்னு சூட்கேஸைத் திரும்பவும் மேல ஏத்திட்டா. போர்டு கிடையாது. ஒரே படி. பல்லுக்குப் போறவுகளும் அதுலதான் ஏறணும், மனசுக்குப் போறவுகளும் அதுலதான் ஏறணும்.

அதுதான் எல்லாத்தையும் மாத்துச்சு தங்கச்சி! முதல்ல யாரோ ஒருத்தரு, கீழ தெரிஞ்சவுகளைப் பாத்த உடனே கன்னத்துல கையை வச்சுக்கிட்டு ஏறிருக்காரு. அதைப் பாத்து இன்னொருத்தர். இப்ப வர்றவுக எல்லாரும் கன்னத்தைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுதாக. சில பேரு கர்சீஃப் கட்டிக்கிட்டு வாராக. "கடவாய்ப் பல்லு"ன்னு சொல்லிக்கிட்டே போறாக. எறங்கும்போது கண்ணு செவந்திருந்தாலும் யாரும் கேக்க மாட்டாக, பல்லு பிடுங்கினா செவக்கத்தானே செய்யும். எதிர்த்த தெரு பல் டாக்டருக்குப் பொறாமை தாங்கல, இவ்வளவு கூட்டத்துக்கு இவன் என்ன மருந்து போடுதான்னு வந்து எட்டிப் பாத்துட்டுப் போனாராம். நீல ஸ்கூட்டியும் அங்க நிக்குது. நான் யாருன்னு சொல்லல.

எனக்கு அந்தப் படி ஏறத் தடை. சாப்பாட்டுக் கேரியரைக்கூட எங்க வீட்டுல அவுகதான் கொண்டு போறாக. நான் தெருவுக்கு இந்தப் பக்கம் சோடாக்கடையில நின்னு பாத்துட்டு வந்துருவேன். கன்னத்துல கையோட ஒருத்தர் ஏறினா, "ஸ்தோத்திரம்"னு சொல்லிக்குவேன்.

ஆனா மக என்னை அப்படியே ஒதுக்கிரல. அவளுக்குத் தெரியும், ஆளு பிடிக்கிறதுல எனக்கு ஒரு கை இருக்குன்னு. ஒரு நாள் வந்து பக்கத்துல உக்காந்து, "அம்மா, நாகர்கோவில்ல சுகந்தா மேடம்னு ஒருத்தங்க இருக்காங்க. எங்களுக்கெல்லாம் சீனியர். நீ போயி அவங்ககிட்ட கொஞ்சம் பேசிட்டு வாயேன்"னா. சட்டுனு விளங்கிருச்சு எனக்கு. அந்த மேடம் எப்படி ஆளு சேர்க்காகன்னு பாத்துட்டு வரச் சொல்லுதா. வெளிப்படையா சொல்ல முடியுமா? எங்க வீட்டுல அவுகளும் சிரிச்சுக்கிட்டே, "போயிட்டு வா தங்கம், எவ்வளவு நேரம் வேணும்னாலும் இருந்து பாத்துட்டு வா"ன்னாக.

போனேன். நல்லாப் பாத்தேன். ஒரு காப்பி கிடையாது. சுவர்ல ஒரு வசனம் கிடையாது. பிரம்பு நாற்காலி, ஒரு மணிபிளான்ட், கூட அதே மூக்குப் பேப்பர். இதுக்கா கூட்டம் வருதுன்னு நெனச்சேன். "எப்படி இருக்கீங்கம்மா?"ன்னாக. "ஸ்தோத்திரம், எல்லாரும் நல்லா இருக்கோம்"னேன். அவ்வளவுதான், அதுக்குப் பெறகு அந்தம்மா பேசவே இல்ல. என்னைப் பாத்துக்கிட்டு இருக்காக. நானும் எவ்வளவு நேரந்தான் மணிபிளான்ட்டைப் பாக்க? அதனால ரூபஸ் கல்யாணத்துல நடந்த ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னேன். சும்மா, பேச்சு விட்டுப்போகக் கூடாதேன்னு. மேடையில அவன் மாமியார் முன்னாடி நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன், அவன் பெண்டாட்டி வீட்டைப் பத்தி, அவன் நம்பி எங்கிட்ட சொல்லிருந்த ஒரு விஷயம். பெரிய விஷயம்லாம் இல்ல. அதுல இருந்து அவனுக்கு வேலை ஜாஸ்தி. ஃபோன் பண்ண நேரம் கிடைக்கிறதில்ல.

அந்த ரூம் ஃபேன்ல ஏதோ கோளாறு தங்கச்சி. தூசி கண்ணுல விழுந்து, ஒரு பெட்டிப் பேப்பரும் தீந்து போச்சு. ரெண்டாந்தடவை போனப்பவும் அப்படித்தான். மேடத்துகிட்ட ஃபேனைத் துடைக்கச் சொன்னேன், சரின்னாக, ஆனா துடைக்கல. ஆளு சேர்க்கிற ரகசியம் மட்டும் இன்னும் பிடிபடல. அதனாலதான் வாராவாரம் போக வேண்டியிருக்கு. மககிட்ட சொன்னேன், கொஞ்ச நாள் ஆகும்ட்டின்னு. "எவ்வளவு நாள் ஆனாலும் போயிட்டு வாம்மா"ன்னுட்டா. கிறிஸ்துமஸ் வந்து போயிருச்சு, சூட்கேஸ் மேலதான் இருக்கு. இப்ப அதுல கம்பளி போட்டு வச்சிருக்கேன்.

போன வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்துக்கு ரொம்ப நாள் கழிச்சுப் போனேன். பாஸ்டரம்மா வழக்கம்போல, "உங்களுக்கு ஏதாவது உண்டா?"ன்னாக. என்னமோ வாயில வந்துருச்சு. "பேரு வேண்டாம். வெளிநாட்டுல இருக்கிற ஒரு பிள்ளைக்காக. வீட்டுக்கு ஒரு தடவ பேசணும். அவ்வளவுதான்"னேன். யாரு பிள்ளைன்னு ஒருத்தரும் கேக்கல. எல்லாரும் ஜெபிச்சாக. ஆமென் சொல்றப்ப, பக்கத்துல பேக்கரிக்காரம்மா என் கையைப் பிடிச்சு ஒரு அமுக்கு அமுக்கினாக. எதுக்குன்னு தெரியல. பழைய கோவம் தீந்துருச்சு போல.

இந்தா, வடசேரி வந்துட்டு. பையை எடுத்துக் குடுங்க. இந்த அதிரசத்துல ரெண்டு வச்சுக்கோங்க, மேடம்தான் வாங்க மாட்டாகளே. உங்களுக்கும் மனசுல ஏதோ இருக்கு, முகத்துல தெரியுது. நான் கேக்கல. கேக்கிறதை விட்டுட்டேன். பேரும் வேண்டாம். "பஸ்ல ஜன்னல் ஓரமா இருந்த தங்கச்சி"ன்னு சொன்னா ஆண்டவருக்கு விளங்கும்.

ஒரே ஒரு உதவி. பாளையங்கோட்டையில யாரையாவது பாத்தா, அந்த மருந்துக்கடை மாடிக்கு நான் போறதைச் சொல்லிராதீங்க. நம்ம ஊர் ஆளுக ஒண்ணை ஒம்பதாக்கிருவாக. கேட்டா, பல்லுக்குப் போனாக, கன்னத்துல கையை வச்சுக்கிட்டு எறங்கினாகன்னு சொல்லிருங்க. இதோ, இப்பமே வச்சுக்கிடுதேன்.

எனக்கு மேலயும் கீழயும் கட்டின பல்லுதான் தங்கச்சி, வலிக்க அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அது யாருக்குத் தெரியும், சொல்லுங்க.